வெள்ளிக்கிழமை நின்றுபோகும் மோட்டார் சைக்கிள்

எங்கள் மோட்டார் சைக்கிள் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் கிராண்ட்பாஸில் நின்றுவிடும். ஒருமுறை என்றால் தற்செயல் என்று விட்டிருக்கலாம். தொடர்ந்து மூன்று வெள்ளி நின்றது. மூன்று வெள்ளியும் நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன். இன்னொரு முறை பிந்தினால் வேலை இல்லை என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டா.

யுத்தம் முடிந்த புதிது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை, போகப்போகிறான் என்று மட்டும் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் பாதி வீடு வாடகைக்கு எடுத்து இருந்தோம். என் கணவருக்குக் கோட்டையில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை, கிளறிக்கல் உத்தியோகம். எனக்கு ஆசிரியப் பயிற்சி முடித்து இரண்டு வருஷம் ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் கிடைத்தது களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், வத்தளையில். ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ட்ராமில் கிராண்ட்பாஸ் வந்து, பாலத்தடியில் பஸ்ஸுக்குக் காத்து நின்று போனால், பள்ளி தொடங்கி முதற்பாடம் முடிந்திருக்கும். வத்தளையில் வீடு தேடிப் பார்த்தோம். அந்த நாளில் வீடு கிடைப்பதைவிட வேலை கிடைப்பது லேசு.

எனக்கு அந்த வேலை வேண்டும். குடும்பத்துக்கு உதவியாக இருக்கும் என்று ஊருக்கு எழுதினேன், அது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரம் நிமிர்ந்து பார்ப்பார்களே, அதற்காக. அந்த நிமிஷம் என்னை யாரும் இன்னாரின் மகள் என்றோ இன்னாரின் மனைவி என்றோ நினைப்பதில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

ஆகவே இவர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். என் கணவரை நான் எழுத்திலும் இவர் என்றுதான் சொல்வேன், பழகிவிட்டது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனது. யுத்தத்துக்கு வெகு முந்திச் செய்தது, கறுப்பு, வயிறு பெருத்த பெற்றோல் தாங்கி, கியர் மாற்றத் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. பின்னால் நான் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார ஒரு சின்ன இருக்கை. அதோடு ஒரு கைப்புத்தகமும் தந்தார்கள், அட்டை இல்லை, ஆங்கிலம், ஓயில் பட்டுப் பட்டு வாழைப்பழத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது.

இவருக்குக் கைவேலை வராது. பேனாவுக்கு மை போட்டாலே சட்டையில் கொஞ்சம் போடுகிற மனிதர். ஆனால் பயப்பிட மாட்டார், அது பெரிய குணம். பின் வளவில் சாக்கை விரித்து இவர் குந்துவார், நான் படிக்கட்டில் இருந்து புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொல்வேன். செயினை மண்ணெண்ணெயில் கழுவு, துடை, பிறகு ஓயில் போடு, கழுவாமல் ஓயில் போட்டால் மணலையும் சேர்த்து அரைக்கும். ரயரின் காற்றைக் கிழமைக்கு ஒருக்கால் பார். பிளக்கைக் கழற்றி நுனியைப் பார், கறுப்பாக ஈரமாக இருந்தால் ஒரு வருத்தம், வெள்ளையாகச் சுட்டுப்போயிருந்தால் வேறொரு வருத்தம், மண்ணிறமாக இருந்தால் சுகம். எனக்கு இது பிடித்துக்கொண்டது. கணக்கைப்போலத்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டாம் நாளே புத்தகத்தை இவர் கையில் கொடுத்துவிட்டு நான் சாக்கில் குந்திவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் புத்தகத்தைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் தலைமுழுக்கு, சாமிப் படத்துக்கு விளக்கு, பூ. சந்தனக் கட்டையைக் கல்லில் அரைத்து ஒவ்வொரு படத்துக்கும் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். வீட்டுக்குச் சோறு போடுகிற எந்தச் சாமானுக்கும் அதில் பங்கு உண்டு. தையல் மெஷினுக்கு வைப்பேன், இவருடைய பேனாப் பெட்டிக்கு வைப்பேன். மோட்டார் சைக்கிளுக்கு வைக்காமல் விடுவேனா? எங்கே வைப்பது என்று ஒரு சுற்றுப் பார்த்தேன். பெற்றோல் தாங்கியின் மூடி உருண்டையாக, பளபளப்பாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அதுதான் நெற்றி என்று தீர்மானித்து அதன் நட்ட நடுவில் வைத்தேன்.

நான் வேலைக்குப் போன முதல் வாரத்து வெள்ளிக்கிழமை. காலி வீதியில் கடற்காற்று, ஈரத்தலை, நல்ல சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். கோட்டை தாண்டி, புறக்கோட்டை நெரிசல் தாண்டி, கிராண்ட்பாஸில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அது இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. இவர் இறங்கினார். பெற்றோல் கூப்பனுக்குக் கிடைத்த காலம், ஆகையால் எது நின்றாலும் முதலில் அதுதான் சந்தேகம். மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, உள்ளே தளம்புகிற சத்தத்தைக் கேட்டு, மூடியை மூடினார். பெற்றோல் இருக்கிறது. பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்துச் சுரண்டி மாட்டினார். கிக்கரை ஓர் உதை. ஓடியது. பிளக்தான் பிழை என்று இருவரும் முடிவுகட்டினோம். நான் இருபது நிமிஷம் பிந்தினேன்.

அடுத்த வெள்ளிக்குப் புதுப் பிளக். அதோடு, போன கிழமை நடந்தது மனதில் இருந்ததால் பொட்டையும் சற்றுப் பெரிதாக, தடிப்பாக வைத்தேன். அதே கிராண்ட்பாஸ். இந்த முறை இவர் மூடியைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றினார். பெற்றோலும் காற்றும் கலக்கிற அந்தச் சின்னப் பித்தளைக் கிண்ணத்தைத் துடைத்து, ஊசித் துவாரத்தை வாயால் ஊதி, பூட்டி, ஓர் உதை. ஓடியது. ஆ, கார்புரேட்டர். அரை மணி பிந்தினேன்.

மூன்றாம் வெள்ளி எனக்குப் பொறுமை போய்விட்டது. வியாழன் பின்னேரம் பிளக், கார்புரேட்டர் இரண்டையும் நானே என் கையால் துடைத்திருந்தேன். பொட்டுக்குச் சந்தனத்தை இன்னும் குழைவாக அரைத்து, மூடி தெரியாமல் அப்பியிருந்தேன். அப்படியும் நின்றது. இவர் மூடியைத் திறந்தார், மூடினார், மின்பொறி தருகிற மக்னீற்றோவின் மூடியைக் கழற்றி, இரண்டு முனைக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட்டைச் செருகி இடைவெளி பார்த்தார். நான் தெருவில் நின்று, கடைக்கு வந்தவர்கள் கேட்க, சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"உங்களுக்கு ஒரு ஆணி இறுக்கத் தெரியாது. நேற்று நான் துடைச்சு வைச்சதைக் குழப்பினது நீங்கள்தான்."

இவர் கார்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூடியைப் பூட்டி, உதைத்தார். ஓடியது. வத்தளை வரைக்கும் நான் இவர் தோளைப் பிடிக்காமல் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அந்தத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர். எங்களை எதிர்பார்க்கப் பழகிவிட்டார். மூன்றாம் கிழமை எனக்கு ஒரு ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டு, இவரைப் பார்த்து, "என்ன தம்பி, உங்கட சைக்கிளுக்கும் வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகை ஈக்கிதா? சரியா நம்மட கடைக்கு முன்னுக்கு வந்து நிக்கிதே" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைமை ஆசிரியைக்கும் சிரிப்பு வரவில்லை. அவ கலியாணம் கட்டாத கத்தோலிக்கப் பெண்மணி, ஐம்பது வயசிருக்கும், வெள்ளைச் சேலை, கையில் ஆண்கள் கட்டுகிற மணிக்கூடு. பதிவுப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தா.

"டீச்சர், மூணு நாள் பிந்தி. மூணும் வெள்ளிக்கிழமை. உங்க தலமுழுக்கு, பூசை எல்லாம் எனக்கும் தெரியும். நான் கும்பிட வேணாம்னு சொல்லல்ல. ஆனா பிள்ளைகள் காத்துக்கொண்டு இருக்குது."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. விடியுமுன் எழும்பி எல்லாம் முடித்து, மற்ற நாட்களைவிடப் பத்து நிமிஷம் முந்தி வெளிக்கிடுகிறவள் நான்.

"மிஸ், பூசைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மோட்டார் சைக்கிள் பிழை. வேணுமெண்டால் என்ரை சாமிமேலை சத்தியம் பண்ணுறன்."

"சத்தியம் வேணாம். இன்னொரு நாள் பிந்தினா வேற ஆள் பாக்கணும். அதைத்தான் சொல்றேன்" என்றா. குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நாலாவது வியாழக்கிழமை வீட்டில் நாங்கள் புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் செய்து முடித்தோம் என்றே சொல்லலாம். செயின், கிளச் கேபிள், பிளக், மக்னீற்றோ, பெற்றோல் குழாயைக் கழற்றி ஊதியும் பார்த்தோம். இருட்டுமுன் ஒழுங்கையில் மூன்று தரம் போய் வந்தோம். தையல் மெஷின்போல ஓடியது. இவர் கையைக் கழுவிக்கொண்டே, "நாளைக்கு நிண்டால் நான் இதை வித்துப்போடுறன். நீர் கவலைப்படாதையும், வேறை பள்ளிக்கூடம் வரும்" என்றார். நான் மூன்றாம் வெள்ளி சொன்னது அவருக்குள் இன்னும் கிடக்கிறது என்று அந்தக் குரலில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. அதற்குப் பதிலாகச் சோற்றுக்கு அவருக்கு விருப்பமான கணவாய்க் கறி வைத்தேன்.

விடிந்தது. முழுகினேன், விளக்கேற்றினேன், சந்தனம் அரைத்தேன். என் வேலை அதில் தொங்குகிறது என்ற நினைப்போடு அரைத்ததால் அது வெண்ணெய்போல வந்தது. மூடியின் நடுவில் அழுத்தி வைத்தேன். வழக்கத்தைவிட அரை மணி முந்திப் புறப்பட்டோம். எனக்கு வழி முழுக்க இயந்திரச் சத்தத்திலேயே காது. புறக்கோட்டை போனது. கிராண்ட்பாஸ் வந்தது. ஸ்டூல் தெரிந்தது. இரண்டு விக்கல். நின்றது.

எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. போய் அந்த ஸ்டூலில் இருந்தேன். இவர் சாமான் பையை விரித்து எதைக் கழற்றுவது என்று தெரியாமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழற்ற இனி ஒன்றும் மிச்சம் இல்லை.

எனக்குப் பக்கத்தில் கடைக்காரர் ஒரு புது ரின்பாலை, தகரத்தில் வருகிற கட்டிப்பாலை, உடைத்துக்கொண்டிருந்தார். ஆணியால் மேலே ஓர் ஓட்டை குத்தி, கோப்பைக்கு மேல் கவிழ்த்தார். பால் ஒரு சொட்டு வந்து நின்றது. தகரத்தை நிமிர்த்தி, எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை குத்தினார். கவிழ்த்தார். பால் கயிறாக இறங்கியது. இதை நான் என் குசினியில் எத்தனையோ நாள் செய்திருக்கிறேன். காற்று உள்ளே போகாவிட்டால் பால் வெளியே வராது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எழும்பினேன். இவர் அப்போதுதான் பழக்கத்தில் மூடிக்குக் கையைக் கொண்டுபோனார்.

"இஞ்சாருங்கோ, அதைத் தொடாதேங்கோ. நான் திறக்கிறன்."

காதைக் கிட்டக் கொண்டுபோய், மூடியை மெல்லத் திருகினேன். உஸ் என்று ஒரு மூச்சு உள்ளே போனது. நீண்ட மூச்சு. நாலு வெள்ளிக்கிழமையாக அது காற்றுக்குத் தவித்திருக்கிறது, மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துக்கொண்டு உயிர் பிழைத்திருக்கிறது. நாங்கள் பிளக்குக்கும் கார்புரேட்டருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு போயிருக்கிறோம். மூடியைக் கையில் எடுத்து என் பொட்டை நகத்தால் வழித்தேன். அதற்குக் கீழே, சரியாக நடுவில், குண்டூசித் தலையளவில் ஒரு துவாரம். சந்தனம் அதைப் பூசி மெழுகியிருந்தது. கொண்டையில் இருந்த ஊசியை இழுத்து அதைக் குத்தித் திறந்தேன். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது, விழட்டும்.

சந்தனம் மத்தியானத்துக்குள் வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிடும், அதனால்தான் பின்னேரம் ஒரு வில்லங்கமும் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது.

"பிழை என்ரை," என்றேன். "நாலு கிழமையும் என்ரை."

இவர் மூடியை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி அந்தத் துவாரத்தால் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"அப்ப நான் துடைச்ச பிளக் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு மறுபடி அழுகை வந்தது. கடைக்காரருக்கு விஷயத்தைச் சொன்னோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இந்த முறை நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்துப் போனதில் ஐந்து நிமிஷம் பிந்திவிட்டது.

தலைமை ஆசிரியையின் மேசையில் ஒரு கடிதம் எழுதி, மை காயத் திறந்து வைத்திருந்தது. என் பெயரைத் தலைகீழாகவே வாசித்துவிட்டேன். அவ என் அவிழ்ந்த தலையையும் விரல்களில் மஞ்சளும் கறுப்புமாக ஒட்டியிருந்ததையும் பார்த்தா.

எனக்கு இரண்டு வழி இருந்தது. பாலத்தில் நெரிசல் என்று ஒரு பொய் சொல்லலாம். ஆனால் நான் சத்தியம் பண்ணுகிறேன் என்று வாய்வீரம் காட்டியவள்.

"மிஸ், நீங்கள் சொன்னது சரி. பூசைதான் காரணம்" என்றேன்.

அவ கடிதத்தை என் பக்கம் நகர்த்தக் கையை வைத்தா. நான் நிறுத்தாமல் சொன்னேன். மூடி, துவாரம், சந்தனம், பொட்டைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிந்தியது, கடைசியாக ரின்பால். சொல்லும்போது வகுப்பில் நிற்கிறவள்போலச் சுண்ணக்கட்டியை எடுத்து அவவின் மேசையிலேயே தாங்கியை வரைந்துவிட்டேன் என்று பிறகுதான் கண்டேன். அவ படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. உதட்டின் ஒரு பக்கம் அசைந்ததுபோல இருந்தது, ஆனால் அதை உடனே சரிப்படுத்திக்கொண்டா.

"இனி நிக்காதா?"

"நிக்காது."

"அதை நான் எப்ப தெரிஞ்சுகொள்றது?"

"அடுத்த வெள்ளிக்கிழமை" என்றேன்.

அவ கடிதத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தா. "அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை நான் பள்ளிக் கேட்டடியில நிப்பேன். இப்ப போய் வகுப்பப் பாருங்க. தலையக் கட்டிக்கொண்டு போங்க."

பின்னேரம் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினோம். இருந்தது. பெற்றோல் ஊற்றும் முறை என்ற பக்கத்தில், சின்ன எழுத்தில், மூடியில் உள்ள காற்றுத் துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று. பெற்றோல் ஊற்றத் தெரியாதா எங்களுக்கு என்று நான்தான் அந்தப் பக்கத்தைத் தள்ளியிருந்தேன். பழைய மோட்டார் சைக்கிளைப் புதிதாக வாங்குகிற எவருக்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: லேசான பக்கத்தை முதலில் வாசியுங்கள், எதையும் கழற்றுமுன் மூடியைக் கழற்றுங்கள்.

அடுத்த வெள்ளிக்கு நான் பொட்டே வைக்கப்போவதில்லை என்று சொன்னேன். இவர்தான் விடவில்லை. "ஏன் நிப்பாட்டுறீர்? முன் ரயருக்கு மேலை, மட்காட்டிலை வையும், அதிலை ஒரு ஓட்டையும் இல்லை, நான் பாத்திட்டன்" என்றார்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் ஸ்டூலோடு வெளியே நின்றார். நாங்கள் நிற்காமல் போகக் கையை உயர்த்தி ஏதோ கத்தினார், இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூடத்தை அடைந்தோம். அவ சொன்னபடி கேட்டடியில், மணிக்கூட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றா. வண்டியைச் சுற்றி வந்தா. மட்காட்டில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தா. துவாரம் எது என்று கேட்டா. இவர் மூடியைக் கழற்றிக் காட்ட, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, கிட்டக் குனிந்து பார்த்தா.

கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவில்லை. அவ சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, கறுத்த நூலில் கோத்த ஒரு சின்ன அந்தோனியார் பதக்கத்தை எடுத்தா.

"டீச்சர், மழைக்காலமும் வருது, நீங்க நெடுகப் போய் வரணும்" என்றா. "இத எங்க கட்டினா ஓட்டை ஒன்னும் அடைபடாது?"

இவர் முன் விளக்கின் தண்டைக் காட்டினார். அவவுக்கு அந்த வழுக்கல் தண்டில் முடிச்சு விழவில்லை. நான் நூலை வாங்கி இறுக்கிக் கட்டிவிட்டு, அவவோடு உள்ளே போனேன்.